பிரசவ விடுப்பு முடிந்து வந்ததும் பதவி போனது, இப்போது வேலையும்: இஇஓசி-யில் புகார் கொடுக்கலாமா?

கயல்_டாலஸ்

வணக்கம். விசா, வீட்டுக்கடன் இழைகளை எல்லாம் இங்கே வாசித்துப் பயன்பெற்றவள் நான். இன்று என் விஷயத்தோடு வந்திருக்கிறேன். கொஞ்சம் நீளம், பொறுத்துக்கொள்ளுங்கள்.

டாலஸ் பக்கம் ஒரு மென்பொருள் நிறுவனத்தில் டெஸ்டிங் லீடாக இருந்தேன். மொத்தம் நூற்றைம்பது பேர் இருக்கும். எச்1பி வேலை விசாவில் இருக்கிறேன், கிரீன் கார்டுக்காக நிறுவனம் போட்ட ஐ-140 மனு அப்ரூவ் ஆகி ஒரு வருஷத்துக்கு மேல் ஆகிறது. பிரசவ விடுப்பு முடிந்து திரும்பிய முதல் வாரமே, அதுவரை என் இடத்தைத் தற்காலிகமாகப் பார்த்துக்கொண்டவர்தான் இனி லீட், நான் அவருக்குக் கீழே என்றார்கள். "சின்னக் குழந்தையை வைத்துக்கொண்டு ரிலீஸ் ராத்திரிகளில் உங்களால் உட்கார முடியாது, உங்கள் நல்லதுக்குத்தான்" என்று மேனேஜர் வீடியோ காலில் சொன்னார். சம்பளத்தில் கை வைக்கவில்லை. ஆனால் லீடுகளுக்கு மட்டும் வரும் போனஸ் போய்விட்டது.

எச்ஆருக்கு மெயில் போட்டேன். "விசாரிக்கிறோம்" என்று ஒரு பதில் வந்தது, அதோடு சரி. மாதங்கள் ஓடின. மறுபடி நினைவூட்டினேன். அடுத்த வாரமே பிஐபி-யில் (வேலைத்திறனை மேம்படுத்தச் சொல்லிக் கெடு வைக்கும் திட்டம்) போட்டார்கள். அதற்கு முன்னால் என் ரிவ்யூவில் ஒரு குறை எழுதப்பட்டதில்லை. போன வெள்ளிக்கிழமை வேலைநீக்கக் கடிதம் வந்தது. கடைசி நாள் அடுத்த மாத முடிவு. ஆறு வாரச் சம்பளம் செவரன்ஸாக (வேலைநீக்க இழப்பீடாக) தருகிறார்கள், அதற்கான ஒப்பந்தத்தில் இரண்டு வாரத்துக்குள் கையெழுத்துப் போட வேண்டுமாம்.

பதவி போய் ஏழு மாதம் ஆகிறது. வேலையிடப் பாகுபாட்டுப் புகார்களை விசாரிக்கும் மத்திய அரசு ஆணையமான இஇஓசி-யில் புகார் கொடுக்கக் காலம் கடந்துவிட்டதா? எச்ஆர் விசாரணை முடியும்வரை காத்திருக்க வேண்டுமா? புகார் கொடுத்தால் விசாவுக்கும் கிரீன் கார்டுக்கும் ஆபத்து வருமா? செவரன்ஸில் கையெழுத்துப் போட்டால் எல்லாம் முடிந்ததா? தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

ரவி_ஆஸ்டின்

கயல், உங்களுக்கு நடந்தது அநியாயம், அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. ஆனாலும் நான் சொல்வது: பணத்தை வாங்கிக்கொண்டு அடுத்த வேலையைத் தேடுங்கள். எச்1பி-யில் கடைசி நாளிலிருந்து அதிகபட்சம் 60 நாள்தான் அவகாசம். கைக்குழந்தையோடு அந்த 60 நாளை வழக்கு, வக்கீல் என்று செலவழிக்க வேண்டுமா? நம் ஆட்கள் வட்டம் சின்னது. "கம்பெனி மேல் கேஸ் போட்டவர்" என்று பெயர் வந்தால் அடுத்த இன்டர்வியூவில் கதவு மூடிவிடும். இதே மாதிரி ஒரு நிலையில் நான் செவரன்ஸ் வாங்கிக்கொண்டு நகர்ந்தேன். இன்றுவரை அதில் எனக்கு வருத்தம் இல்லை.

மதி_நியூஜெர்சி

கயல், தொழிலாளர் வழக்குகள் பார்க்கும் ஒரு வக்கீல் அலுவலகத்தில் உதவியாளராக இருக்கிறேன். நான் வக்கீல் இல்லை, அதை மனதில் வைத்துக்கொண்டு படியுங்கள்.

முதலில் நாள் கணக்கு. எங்கள் அலுவலகத்துக்கு வருகிறவர்களில் நல்ல வழக்கு கையில் இருந்தும் திரும்பிப் போகிறவர்கள் பெரும்பாலும் இந்தக் கணக்கில்தான் கோட்டை விடுகிறார்கள். வேலையில் பாகுபாட்டைத் தடுக்கும் டைட்டில் 7 என்கிற 1964-ஆம் ஆண்டுச் சட்டப்படி, சம்பவம் நடந்த 180 நாளுக்குள் இஇஓசி-யில் புகார் பதிவாக வேண்டும். அதே பாகுபாட்டைத் தடுக்கும் சட்டமும் அதைப் பார்க்கும் துறையும் அந்த மாநிலத்திலும் இருந்தால் 300 நாள். டெக்சாஸில் டெக்சாஸ் ஒர்க்ஃபோர்ஸ் கமிஷனின் சிவில் உரிமைப் பிரிவு இருப்பதால் உங்களுக்கு 300 நாள் உண்டு. ஆனால் மாநிலச் சட்டத்தின் கீழ் கேட்க வேண்டுமென்றால் 180 நாள்தான். பதவி பறித்ததற்கு அந்த மாநிலக் கெடு போய்விட்டது. மத்தியக் கெடு இன்னும் இருக்கிறது, ஏறத்தாழ மூன்று மாதம். பிஐபி, வேலைநீக்கம் இரண்டுக்கும் இரண்டு கெடுவும் திறந்திருக்கின்றன.

ஒவ்வொரு செயலுக்கும் தனித்தனிக் கடிகாரம் ஓடுகிறது என்பதைப் பிடித்துக்கொள்ளுங்கள். பதவியிறக்கம், வேலைநீக்கம், பதவி உயர்வு மறுப்பு போன்றவை நடந்த அன்றே எண்ண ஆரம்பிக்க வேண்டியவை. 2002-இல் உச்ச நீதிமன்றம் மோர்கன் வழக்கில் இதைத் தெளிவாகச் சொன்னது. தொடர்ந்து நடக்கும் துன்புறுத்தலுக்கு மட்டும் கணக்கு வேறு: அதில் ஒரு சம்பவமாவது கெடுவுக்குள் இருந்தால் பழையதையும் சேர்த்துப் பார்ப்பார்கள். உங்கள் வேலைநீக்கத்துக்கு நாள் எண்ணுவது கடைசி நாளிலிருந்து இல்லை, கடிதம் கையில் கொடுத்த வெள்ளிக்கிழமையிலிருந்து. 1980-இல் வந்த ரிக்ஸ் தீர்ப்பிலிருந்து அதுதான் நிலை. "இன்னும் சம்பளம் வருகிறதே" என்று இருந்துவிடாதீர்கள்.

அப்புறம், உங்கள் இரண்டாவது கேள்வி. எச்ஆர் விசாரணை இந்தக் கடிகாரத்தை நிறுத்தாது. அவர்கள் எத்தனை மாதம் விசாரித்தாலும், அப்பீல் கமிட்டி வைத்தாலும், "உள்ளுக்குள்ளேயே பேசித் தீர்த்துக்கொள்ளலாம்" என்றாலும் நாள் ஓடிக்கொண்டேதான் இருக்கும்.

கயல்_டாலஸ்

மதி, மிக்க நன்றி. கடிதத் தேதியைக் குறித்துக்கொண்டேன். எச்ஆர் பதில் சொல்லட்டும் என்றுதான் இத்தனை நாள் இருந்தேன். இஇஓசி போர்ட்டலில் நேற்று இரவு ஒரு விசாரணைப் படிவம் நிரப்பி அனுப்பினேன். அது போதுமா?

மதி_நியூஜெர்சி

போதாது. இதைக் கொஞ்சம் அழுத்தியே சொல்கிறேன். போர்ட்டலில் நீங்கள் அனுப்பியது என்கொயரி, அது புகார் ஆகாது. அதை அனுப்பியதும் இன்டர்வியூவுக்கு ஒரு நேரம் தேர்ந்தெடுக்கச் சொல்லும். இஇஓசி ஊழியர் உங்களோடு பேசிவிட்டு, நீங்கள் சொன்னதை வைத்து ‘சார்ஜ்’ என்கிற முறையான புகாரை எழுதிப் போர்ட்டலில் போடுவார். அதை நீங்கள் படித்து, திருத்தி, கையெழுத்திட்டால்தான் புகார் பதிவானதாகும். இன்டர்வியூ நேரம் சில வாரம் தள்ளிக் கிடைப்பது சாதாரணம். கெடுவுக்கு 60 நாளோ அதற்கும் குறைவோ இருந்தால் விரைந்து பதிய என்ன செய்ய வேண்டும் என்று போர்ட்டலே வழி காட்டும்.

சார்ஜ் வரைவு வந்ததும் இரண்டு இடத்தைக் கவனியுங்கள். ஒன்று, எந்த அடிப்படையில் பாகுபாடு என்கிற இடம். உங்களுக்குப் பாலினம் (அதற்குள் கர்ப்பமும் அடங்கும்), கூடவே பழிவாங்கல். எச்ஆருக்கு எழுதிய பிறகு பிஐபி வந்ததல்லவா, அது பழிவாங்கல். அதை விட்டுவிட்டால் பிறகு கோர்ட்டில் "புகாரில் இல்லாததை இங்கே பேச முடியாது" என்று எதிர்த்தரப்பு எழுந்து நிற்கும். இஇஓசி-க்கு வரும் புகார்களில் பல வருஷமாக மிக அதிகம் குறிப்பிடப்படுவது பழிவாங்கல்தான். இரண்டாவது, டெக்சாஸ் துறையிலும் சேர்த்தே பதிவாகட்டும் என்று கேட்கும் இடம். இரு துறைகளுக்கும் இடையே ஏற்பாடு இருப்பதால் ஒரே புகார் இரண்டிலும் பதிவாகும்.

முன்னாள்_எச்ஆர்

பல வருஷம் எச்ஆரில் இருந்துவிட்டு வெளியே வந்தவள். அந்தப் பக்கத்திலிருந்து எப்படித் தெரியும் என்று சொல்கிறேன், கயலுக்குப் பயன்படலாம்.

புகார் பதிவான பத்து நாளுக்குள் நிறுவனத்துக்குத் தகவல் போகும். அன்றே சட்டப் பிரிவு சம்பந்தப்பட்ட மெயில், சாட், ரிவ்யூ எதையும் அழிக்கக் கூடாது என்று உத்தரவு போடும். பிறகு நாங்கள் செய்யும் முதல் வேலை ஒரு காகிதத்தில் தேதிகளை வரிசையாக எழுதுவது. உங்கள் விஷயத்தில் அந்தக் காகிதம் எப்படி இருக்கும் தெரியுமா? விடுப்புக்கு முந்தைய ரிவ்யூ: நன்று. திரும்பிய வாரம்: பதவி மாற்றம். எச்ஆருக்கு மெயில். நினைவூட்டல் மெயில். அடுத்த வாரம்: பிஐபி. அப்புறம் வேலைநீக்கம். நானே அந்த மேஜையில் உட்கார்ந்திருந்தால் இதைப் பார்த்ததும் வக்கீலை அழைத்திருப்பேன். இதே காகிதத்தை நீங்களும் இன்று இரவே எழுதிவிடுங்கள். யார், எப்போது, என்ன வார்த்தையில் சொன்னார், அப்போது கூட யார் இருந்தார், அதற்கு எழுத்தில் என்ன இருக்கிறது. உணர்ச்சியை எழுத வேண்டாம், நடந்ததை எழுதுங்கள். "ரிலீஸ் ராத்திரிகளில் உங்களால் உட்கார முடியாது" என்ற வாக்கியம் அப்படியே, மேற்கோளாக, தேதியோடு.

இன்னொன்று கேட்கிறேன். எச்ஆருக்கு அனுப்பிய மெயிலில் "எனக்கு வருத்தமாக இருக்கிறது, நியாயமில்லை" என்று மட்டும் எழுதினீர்களா, இல்லை பிரசவத்தைக் காரணம் காட்டிப் பதவியை எடுத்தார்கள் என்று எழுதினீர்களா? பொதுவான மனக்குறையைச் சொன்னதற்குப் பிறகு வந்த தண்டனையைப் பழிவாங்கல் என்று நிரூபிப்பது கடினம். பாகுபாடு என்று சுட்டிச் சொல்லியிருந்தால் சட்டம் உங்களுக்குப் பின்னால் நிற்கும்.

கயல்_டாலஸ்

"விடுப்பு எடுத்ததாலும் குழந்தை பிறந்ததாலும் என் பொறுப்பு பறிக்கப்பட்டிருக்கிறது, இது பாகுபாடு" என்று எழுதியிருக்கிறேன் அக்கா. அந்த மெயில் ஆபீஸ் கணக்கில்தான் இருக்கிறது. இப்போதே எல்லாவற்றையும் என் சொந்த மெயிலுக்கு அனுப்பிக்கொள்ளட்டுமா?

முன்னாள்_எச்ஆர்

எல்லாவற்றையும் வேண்டாம். நீங்கள் எழுதியது, உங்களுக்கு வந்தது, உங்கள் ரிவ்யூ, பிஐபி, பதவி மாற்றம் பற்றிய அறிவிப்பு, வேலைநீக்கக் கடிதம். அதோடு நிறுத்துங்கள். அதிலும் உங்கள் நிறுவனத்தின் விதி என்ன சொல்கிறது என்று ஒரு முறை பார்த்துக்கொள்ளுங்கள். வாடிக்கையாளர் கோப்பு, மற்றவர்களின் சம்பள விவரம், கோட் எதையும் தொடாதீர்கள். அப்படி எடுத்துவிட்டு, அதையே காரணம் காட்டி வேலைநீக்கத்தை நியாயப்படுத்தவிட்ட வழக்குகள் உண்டு. உங்களிடம் இல்லாத ஆதாரம் நிறுவனத்தில் இருக்கிறது என்று தெரிந்தால் போதும், அது எங்கே இருக்கிறது என்று இஇஓசி அதிகாரியிடம் சொல்லுங்கள். அதைக் கேட்டு வாங்கும் அதிகாரம் அவர்களுக்கு இருக்கிறது.

சேதுபதி

கயல் அம்மா, ரவி தம்பி சொன்னதைக் கொஞ்சம் பிரித்துப் பார்க்க வேண்டும். அவர் பயம் பொய்யில்லை. ஆனால் இஇஓசி புகாரும் கோர்ட் வழக்கும் ஒன்றில்லை. புகாரை இஇஓசி வெளியிடக் கூடாது என்று சட்டமே சொல்கிறது. உங்களுக்கும் நிறுவனத்துக்கும்தான் தெரியும். கோர்ட்டில் வழக்குத் தாக்கல் ஆனால்தான் உங்கள் பெயர் பொது ஆவணத்தில் ஏறும், யார் வேண்டுமானாலும் தேடிப் பார்க்கலாம். பெரும்பாலான புகார்கள் அந்தக் கட்டம்வரை போவதே இல்லை.

என் விஷயம் வயது. ஐம்பதைத் தாண்டிய எங்கள் குழுவை மட்டும் கலைத்துவிட்டு அதே வேலைக்கு இளையவர்களை எடுத்தார்கள். புகார் கொடுத்தேன், மீடியேஷனுக்கு (நடுவர் வைத்துப் பேசித் தீர்ப்பதற்கு) அழைத்தார்கள், இரண்டு தரப்பும் சரி என்றோம். அது இலவசம், கட்டாயமும் இல்லை. எப்படி நடக்கும் என்று பலருக்குத் தெரியாததால் சொல்கிறேன். முதலில் எல்லோரும் ஒரே வீடியோ அறையில். நடுவர் பெண்மணி விதிகளைச் சொன்னார்: இங்கே பேசுவது எதுவும் விசாரணை அதிகாரியிடம் போகாது. பிறகு என்னைப் பேசச் சொன்னார். குறுக்கே யாரும் பேசவில்லை. எத்தனையோ வருஷம் வேலை பார்த்த இடத்தில் என்னைக் கடைசிவரை குறுக்கிடாமல் கேட்டது அந்த அறையில்தான். அப்புறம் எங்களைத் தனித்தனி அறையில் போட்டுவிட்டு அவர் மாறி மாறி வந்தார். முதலில் வந்த தொகை மனதைப் புண்படுத்தும்படி இருந்தது. "அதைப் பதிலாக நினைக்காதீர்கள், பேச்சின் ஆரம்பமாக நினையுங்கள்" என்றார். மதியம் தாண்டி ஒரு முடிவுக்கு வந்தோம். பணத்தைவிட எனக்குப் பெரிதாக இருந்தது இரண்டு வரிகள்: வேலைநீக்கம் என்பதை ராஜினாமா என்று பதிவில் மாற்றுவது, யார் கேட்டாலும் பதவியும் பணிக்காலமும் மட்டும் சொல்வது. கயல் அம்மா, அடுத்த வேலை பற்றி ரவி பயப்படுகிறாரே, அதற்கான மருந்து மீடியேஷனில் நீங்கள் கேட்டு வாங்கக்கூடியது.

ரவி_ஆஸ்டின்

சேதுபதி சார், புகார் வெளியே தெரியாது என்பது எனக்குத் தெரிந்திருக்கவில்லை. அது முக்கியமான வித்தியாசம்தான். ஆனாலும் விசா பற்றிய என் கவலை அப்படியே இருக்கிறது.

இளங்கோவன்

விசா பகுதிக்கு நான் வருகிறேன். இதில் மூன்று தனி விஷயங்கள் கலந்து கிடக்கின்றன.

புகார் கொடுப்பதால் விசா போகாது. இஇஓசி குடியேற்றத் துறை இல்லை. டைட்டில் 7 பாதுகாப்புக்குக் குடியுரிமை தேவையில்லை, எந்த விசாவில் இருப்பவரும் புகார் கொடுக்கலாம். "உன்னைப் பற்றிக் குடியேற்றத் துறைக்கு எழுதுவேன்" என்று மிரட்டினால் அந்த மிரட்டலே பழிவாங்கல் என்று இன்னொரு புகாருக்குக் காரணமாகும்.

விசாவுக்கு ஆபத்து வேலை போவதால் வருகிறது. 60 நாள் அவகாசம் 2017-இல் அமலுக்கு வந்த விதியில் இருக்கிறது. அது கடைசி வேலை நாளிலிருந்து, அல்லது ஐ-94 (நாட்டில் தங்க அனுமதித்த காலத்தைக் காட்டும் பதிவு) முடிவதுவரை, இதில் எது முன்னால் வருகிறதோ அதுவரை. ஆக கயல், உங்களுக்குக் கையிலிருக்கும் மாதமும் சேர்த்துக் கணக்கிடலாம். புகார் நிலுவையில் இருப்பது அந்த 60 நாளை நீட்டிக்காது. வேலைத் தேடலை இன்றே தொடங்குங்கள், ரவி சொன்னது அந்த அளவில் சரி.

ஐ-140 அப்ரூவ் ஆகி 180 நாள் தாண்டிவிட்டது என்பதால் நிறுவனம் திரும்பப் பெற்றாலும் உங்கள் பிரையாரிட்டி தேதி (கிரீன் கார்டு வரிசையில் உங்கள் இடத்தைக் காட்டும் தேதி) போகாது. அதை வைத்து யாராவது பயமுறுத்தினால் நம்பாதீர்கள். ஐ-140 நகல் கையில் இல்லையென்றால் ரசீது எண்ணையாவது இப்போதே எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.

மதி_நியூஜெர்சி

இளங்கோவன் தெளிவாகச் சொல்லிவிட்டார். செவரன்ஸ் கேள்விக்கு வருகிறேன்.

எந்த ஒப்பந்தமும் இஇஓசி-யில் புகார் கொடுக்கும் உரிமையை உங்களிடமிருந்து வாங்க முடியாது. அப்படி ஒரு வரி அதில் இருந்தால் அது செல்லாது. ஆர்பிட்ரேஷன் ஒப்பந்தம் (தகராறைக் கோர்ட்டுக்குப் போகாமல் தனியார் நடுவரிடம் தீர்த்துக்கொள்வது) போட்டிருந்தாலும் இஇஓசி கதவு மூடாது. ஆனால் (இந்த ஆனால் பெரியது) கையெழுத்துப் போட்டால் அந்தப் புகாரிலிருந்து உங்களுக்குக் கிடைக்கக்கூடிய பணத்தையும், தனியாக வழக்குப் போடும் உரிமையையும் விட்டுக்கொடுக்க முடியும். பெரும்பாலான செவரன்ஸ் காகிதங்கள் அதற்காகவே எழுதப்படுகின்றன. ஆறு வாரச் சம்பளத்துக்கு நீங்கள் எதை விற்கிறீர்கள் என்று ஒரு வக்கீல் படித்துச் சொல்லாமல் பேனாவை எடுக்காதீர்கள். நாற்பது வயதைத் தாண்டியவர்களுக்கு வயதுப் பாகுபாட்டு உரிமையை விட்டுக்கொடுக்க 21 நாள் யோசிக்க அவகாசமும் கையெழுத்துக்குப் பிறகு 7 நாள் திரும்பப் பெறும் உரிமையும் சட்டமே தருகிறது. குழுவாக நீக்கினால் 21 என்பது 45. உங்களுக்கு அந்த வயது ஆகவில்லையென்றால் இந்தச் சட்ட அவகாசம் இல்லை. ஆனால் கூடுதல் நாள் கேட்டு மெயில் போடுங்கள், பெரும்பாலும் கொடுப்பார்கள்.

எவ்வளவு கிடைக்கும் என்று யாரும் கேட்கவில்லை, ஆனால் கணக்குப் போட வேண்டியிருக்கும். டைட்டில் 7-இல் மன உளைச்சலுக்கும் தண்டனைக்குமான தொகைக்கு 1991-ஆம் ஆண்டுச் சட்டம் ஊழியர் எண்ணிக்கைப்படி உச்சவரம்பு வைத்திருக்கிறது. 15 முதல் 100 பேர் என்றால் 50,000 டாலர், 200 பேர்வரை 1,00,000, 500 பேர்வரை 2,00,000, அதற்கு மேல் 3,00,000. இழந்த சம்பளம் இந்த வரம்புக்கு வெளியே. ஆனால் நீங்கள் வேறு வேலை தேட முயன்றீர்கள் என்று காட்ட வேண்டும். அனுப்பிய விண்ணப்பம், வந்த பதில் எல்லாவற்றையும் சேர்த்து வையுங்கள்.

கடைசியாக, இது இஇஓசி மட்டும் இல்லை. குடும்ப, மருத்துவ விடுப்புச் சட்டமான எஃப்எம்எல்ஏ-வின் கீழ் விடுப்பு எடுத்திருந்தால், திரும்பி வரும்போது அதே பதவியோ அதற்குச் சமமான பதவியோ கொடுத்தாக வேண்டும். நிறுவனத்தில் 50 பேராவது இருக்க வேண்டும், நீங்கள் அங்கே ஒரு வருஷமும் கடைசி பன்னிரண்டு மாதத்தில் 1,250 மணி நேரமும் வேலை செய்திருக்க வேண்டும். அதை இஇஓசி பார்க்காது, தொழிலாளர் துறையின் ஊதிய மற்றும் வேலைநேரப் பிரிவு பார்க்கும். நேரே கோர்ட்டுக்கும் போகலாம். கெடு இரண்டு வருஷம், வேண்டுமென்றே மீறியிருந்தால் மூன்று. உங்கள் வழக்கில் இதுதான் மிகப் பலமான பகுதி என்று எனக்குப் படுகிறது.

கயல்_டாலஸ்

எஃப்எம்எல்ஏ-வில்தான் எடுத்தேன்! அதற்குத் தனித் துறை என்று எனக்கு யாரும் சொன்னதில்லை. மேனேஜரோடு வெளியேறும் முன் கடைசி மீட்டிங் ஒன்று இருக்கிறது. அதைப் பதிவு செய்யலாமா?

இளங்கோவன்

டெக்சாஸ் சட்டப்படி பேச்சில் இருக்கும் ஒருவர் சம்மதித்தால் போதும், அந்த ஒருவர் நீங்களாகவே இருக்கலாம். ஆனால் மேனேஜர் எங்கே உட்கார்ந்திருக்கிறார்? கலிஃபோர்னியாவிலிருந்து காலில் வந்தால் அங்கே எல்லோருடைய சம்மதமும் வேண்டும். சந்தேகம் இருந்தால் பதிவு வேண்டாம். மீட்டிங் முடிந்ததும் "இன்று நீங்கள் சொன்னதை நான் இப்படிப் புரிந்துகொண்டேன்" என்று அவருக்கே ஒரு மெயில் போடுங்கள். அவர் மறுக்கவில்லையென்றால் அதுவே ஆவணம்.

தாமரை_பே_ஏரியா

இழையைத் திருப்புவதற்கு மன்னியுங்கள், ஆனால் இதைப் படிக்கிற வேறு சிலருக்கும் வேண்டியிருக்கும். எங்கள் குழுவில் மேனேஜரும் இன்னும் மூன்று பேரும் நம் ஊர்க்காரர்கள். என் சாதி தெரிந்த பிறகு என்னோடு மதியம் சாப்பிட உட்காருவது நின்றது. அப்புறம் ஆர்க்கிடெக்சர் மீட்டிங்குகளுக்கு அழைப்பு நின்றது. இதற்கெல்லாம் எந்த அரசுத் துறை? படிவத்தில் சாதி என்று ஒரு கட்டமே இல்லையே.

மதி_நியூஜெர்சி

தாமரை, மன்னிப்பெல்லாம் வேண்டாம். இது இந்த இழைக்கு உரியதுதான்.

மத்தியச் சட்டத்தில் சாதி என்ற சொல் இல்லை, உண்மை. சியாட்டில் நகரம் 2023 பிப்ரவரியில் சாதிப் பாகுபாட்டைப் பெயர் சொல்லித் தடை செய்தது, அமெரிக்காவில் அதுதான் முதல் நகரம். அதே வருஷம் ஃபிரெஸ்னோவும் செய்தது. கலிஃபோர்னியா சட்டமன்றம் நிறைவேற்றிய எஸ்பி 403 மசோதாவை ஆளுநர் நியூசம் 2023 அக்டோபரில் வீட்டோ செய்தார். அதில் பலர் கவனிக்காத பகுதி அவர் சொன்ன காரணம்: வம்சாவளி உள்ளிட்ட அடிப்படைகளின் கீழ் இருக்கும் சட்டங்களே இதைத் தடுக்கின்றன, தனிச் சட்டம் தேவையில்லை என்றார். அதைப் பிடித்துக்கொள்ளுங்கள். வம்சாவளி, மதம், தேசிய மூலம், நிறம், இதில் உங்களுக்குப் பொருந்தும் அடிப்படைகளைக் குறியுங்கள். விவரம் எழுதும் இடத்தில் சாதி என்று வெளிப்படையாக எழுதி, அது பிறப்பால் வருவது, எப்படித் தெரியவந்தது, தெரிந்த பிறகு என்ன மாறியது என்று விளக்குங்கள். படிக்கும் அதிகாரிக்கு இது புதிதாக இருக்கலாம். அவருக்குத் தெரியும் என்று எண்ணி எதையும் விடாதீர்கள்.

உங்கள் மாநிலத்தில் துறையின் பெயர் சிவில் ரைட்ஸ் டிபார்ட்மென்ட். அங்கே கெடு மூன்று வருஷம், ஐந்து ஊழியர் இருந்தாலே சட்டம் பொருந்தும், டைட்டில் 7-இல் உள்ள உச்சவரம்பும் இல்லை. 2020-இல் ஒரு பெரிய நிறுவனத்தின் மேல் சாதிப் பாகுபாட்டுக்காக வழக்குப் போட்டதும் இதே துறைதான், அப்போது அதற்கு வேறு பெயர். மூன்று வருஷம் என்றதும் ஒத்திப்போடாதீர்கள், மத்தியப் புகாருக்கு 300 நாள்தான்.

தாமரை_பே_ஏரியா

எந்த அழைப்பு எந்த வாரம் நின்றது என்று காலண்டரில் அப்படியே இருக்கிறது. இன்று மாலையே எழுத உட்காருகிறேன். இந்தப் பேச்சை வேறு எங்கே கேட்டாலும் "நம் ஆட்களைப் பற்றி வெளியே பேசாதே" என்பார்கள். பதில் சொன்னதற்கு நன்றி.

சேதுபதி

தாமரை அம்மா, எழுதுங்கள். கட்டாயம் எழுதுங்கள்.

நர்ஸ்_மேரி

நான் மத்திய அரசு வேலையில் இருக்கிறேன். எனக்கும் இதே 180, 300 நாள்தானா?

மதி_நியூஜெர்சி

இல்லை அக்கா! மத்திய அரசு ஊழியர்கள் 45 நாளுக்குள் தங்கள் துறையின் இஇஓ (சம வேலைவாய்ப்பு) கவுன்சலரைத் தொடர்புகொள்ள வேண்டும். வழியே வேறு. சம்பவம் சமீபத்தில் நடந்திருந்தால் இன்றே அழையுங்கள்.

கயல்_டாலஸ்

நண்பர்களே, ஒரு தகவல். வக்கீல் ஒருவரிடம் பேசினேன். செவரன்ஸில் கையெழுத்துப் போட வேண்டாம், கூடுதல் அவகாசம் கேளுங்கள் என்றார். கேட்டேன், கொடுத்துவிட்டார்கள். இஇஓசி இன்டர்வியூ முடிந்து சார்ஜ் வரைவும் வந்தது. அதில் பழிவாங்கல் குறிக்கப்படவில்லை, பதவியிறக்கம் மட்டும் இருந்தது. மதி சொன்னதால் கவனித்தேன், திருத்தச் சொல்லி, திருத்தி வந்த பிறகு கையெழுத்திட்டேன். மாநிலத் துறையிலும் சேர்த்துப் பதிவாகியிருக்கிறது. வேலைத் தேடலும் நடக்கிறது.

இனி என்ன வரும், நான் எதற்குத் தயாராக இருக்க வேண்டும்?

ரவி_ஆஸ்டின்

நல்லது கயல். எங்கள் நிறுவனத்தில் டெஸ்டிங் லீட் இடம் ஒன்று காலியாக இருக்கிறது, ரெஸ்யூமேவை எனக்குத் தனிமடலில் அனுப்புங்கள்.

மதி_நியூஜெர்சி

மீடியேஷன் அழைப்பு வரலாம். இரு தரப்பும் சம்மதித்தால் சேதுபதி சார் சொன்னபடி நடக்கும். வராவிட்டால், அல்லது முடிவு எட்டாவிட்டால், நிறுவனத்திடம் பொசிஷன் ஸ்டேட்மென்ட் (அவர்கள் தரப்பு விளக்கம்) கேட்பார்கள். அதில் உங்களைப் பற்றி நல்லதாக ஒரு வரிகூட இருக்காது, அதற்கு மனதைத் தயார் செய்துகொள்ளுங்கள். பலர் அதைப் படித்துவிட்டு உடைந்துபோய் எதுவும் செய்யாமல் விட்டுவிடுகிறார்கள். நகல் தானாக வராது, நீங்கள் கேட்க வேண்டும். கேட்டு வாங்கினால் பதில் எழுத 20 நாள் கிடைக்கும். ஒவ்வொரு பத்திக்கும் உங்கள் தேதிக் காகிதத்திலிருந்து பதில் எழுதுங்கள். "வேலைத்திறன் குறைவு" என்று சொன்னால் விடுப்புக்கு முந்தைய ரிவ்யூவை இணையுங்கள். உங்களைப் போலவே தவறு செய்தும் பிஐபி வராதவர் யாராவது உண்டா என்று யோசித்துப் பெயரைக் குறிப்பிடுங்கள்.

விசாரணை பத்து மாதமோ அதற்கு மேலோ போகும். 2024 நிதியாண்டில் மட்டும் 88,531 புதிய புகார்கள் வந்தன, அதிகாரிகள் கை நிறைய வைத்திருக்கிறார்கள். புகாரைப் பதிந்து 180 நாள் ஆன பிறகு, காத்திருக்க விருப்பமில்லையென்றால் வழக்குப் போடும் அனுமதிக் கடிதத்தை நீங்களே கேட்டு வாங்கலாம்.

அந்தக் கடிதம் "பாகுபாடு நடந்ததாக முடிவு செய்ய முடியவில்லை" என்ற வாசகத்தோடு வந்தாலும் தோற்றுவிட்டதாக எடுத்துக்கொள்ளாதீர்கள். பெரும்பாலான புகார்களுக்கு அப்படித்தான் வரும், கோர்ட்டை அது கட்டுப்படுத்தாது. ஆனால் அது வந்த நாளிலிருந்து வழக்குத் தாக்கல் செய்ய 90 நாள்தான். மாநிலத் துறையின் கடிதம் தனியாக வந்தால் டெக்சாஸ் கோர்ட்டுக்கு 60 நாள், அதோடு புகார் பதிந்த நாளிலிருந்து இரண்டு வருஷத்துக்குள். கடிதம் பெரும்பாலும் போர்ட்டலில்தான் போடப்படும், மெயில் அறிவிப்பு ஸ்பாமுக்குப் போய்விடக்கூடும். வாரத்துக்கு ஒருமுறை போர்ட்டலுக்குள் போய்ப் பாருங்கள். வீடு மாறினால் புது முகவரியையும், வேலை மெயில் கொடுத்திருந்தால் சொந்த மெயிலையும் உடனே அங்கே மாற்றிவிடுங்கள்.

கயல்_டாலஸ்

வேலை மெயில்தான் கொடுத்திருக்கிறேன்! இப்போதே மாற்றிவிடுகிறேன்.